ஹார்ட் டிஸ்க் இருந்த இடம்

விஜயதசமி காலை எட்டரை மணிக்குக் கோபுவின் அறைக்குள் முதலில் நுழைந்தது மீன் வாசனை. அதன் பின்னால்தான் அந்தப் பெண் வந்தாள்.

கல்கத்தா லேக் மார்க்கெட்டில் ஒரு காப்பிப்பொடிக் கடைக்கு மேலே, பதினெட்டுப் படி ஏறினால் வரும் ஒற்றை அறை அது. வாசல் பலகையில் 'ஜலஜா: லேப்டாப் பழுது, தொலைந்தவை, சந்தேகங்கள்' என்று தமிழிலும் வங்காளத்திலும் எழுதியிருக்கும். 'சந்தேகங்கள்' என்ற சொல்லைச் சேர்த்தது கோபு. அதற்குப் பிறகுதான் ஆட்கள் படியேற ஆரம்பித்தார்கள் என்பது அவன் கட்சி.

ஜலஜாவுக்கு நாற்பத்தைந்து வயது. பேசுவது குறைவு. பதினோரு வருடம் கூட வேலை பார்த்ததில் கோபு அவளுடைய மௌனங்களை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தான். பசி மௌனம், சந்தேக மௌனம், பிடித்துவிட்ட மௌனம். மூன்றாவது வந்தால் எதிரே இருப்பவருக்குக் கஷ்டகாலம். இப்போது இருந்தது முதலாவது.

"உட்காருங்க," என்றான் கோபு. "என்ன மீன்?"

"இலிஷ்," என்றாள் அவள், பழக்கத்தில். பிறகு முகம் சிவந்தது. "அவ்வளவு வாசனையா வருது?"

"கீழே காப்பிக்கொட்டை அரைக்கிற மிஷின் ஓடுது. அதையும் தாண்டி மேலே வந்திருக்குன்னா நல்ல திடகாத்திரமான மீனாத்தான் இருக்கணும்."

அவள் தோளில் மாட்டியிருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். வாசனை பையிலிருந்துதான் வந்தது. உள்ளே ஒரு லேப்டாப், ஆறு வருடப் பழசு.

பெயர் மாதவி. ஹூக்ளி ஆற்றில் இலிஷ் மீன் எப்போது வருகிறது, ஏன் குறைகிறது என்று நான்கு வருடமாக ஆராய்ச்சி செய்கிறவள். படகிலும் மீன் ஏலத்திலும் நின்றபடி, மீன் பிடித்த கையோடு தட்டச்சு செய்து செய்து லேப்டாப்பே பாதி இலிஷ் ஆகிவிட்டது. அந்த நான்கு வருடக் கணக்கை ஓர் அறிக்கையாக நார்வேயில் உள்ள ஆராய்ச்சி நிலையத்துக்கு இன்று மதியம் இரண்டு மணிக்குள் ஏற்ற வேண்டும். ஏற்றினால் அங்கே இரண்டு வருட ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்கும்.

"அவங்களுக்கு விஜயதசமி லீவு கிடையாதா?" என்றான் கோபு.

"எழுதிக் கேட்டேன். அது என்ன புயலோட பேரான்னு பதில் வந்தது."

"வேற காப்பி வெச்சிருக்கீங்களா?"

"லேப்ல இருக்கு. லேப் சாவி காவல்காரர்கிட்ட இருக்கு. காவல்காரர் மேதினிபூர்ல அவர் ஊர்ல இருக்கார். லக்ஷ்மி பூஜோ முடிஞ்சுதான் வருவார்." அவள் குரல் மெலிந்தது. "இன்னிக்குக் காலையில புனர்பூஜை முடிஞ்சதும் ஆன் பண்ணினேன். இப்படி வருது."

ஜலஜா முதல்முறையாக வாயைத் திறந்தாள். "காட்டுங்க."

திரை கறுப்பாக விழித்தது. அதில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி: பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்.

"டிஸ்க் செத்துப்போச்சு, இல்லையா?" என்றாள் மாதவி. "உள்ளேருந்து டக் டக்குனு சத்தம் வேற. போன்ல தேடிப் பார்த்தேன். டிஸ்க் சாகறச்சே அப்படித்தான் சத்தம் போடுமாம்."

ஜலஜா லேப்டாப்பை மறுபடி தொடக்கி ஒரு விசையை அழுத்தினாள். இயந்திரத்துக்குள் என்னென்ன பூட்டியிருக்கிறது என்று காட்டும் நீலப் பட்டியல் வந்தது. ஹார்ட் டிஸ்க் என்ற வரிக்கு எதிரே பெயர் எதுவும் இல்லை.

"கெட்டுப்போச்சுன்னு இது சொல்லலை," என்றாள். "இல்லைன்னு சொல்லுது."

"ரெண்டும் ஒண்ணுதானே தீதி?" என்றான் கோபு. கல்கத்தாவில் பிறந்து வளர்ந்தவனுக்கு அக்கா என்ற சொல் வாயில் வருவதே இல்லை.

"நோயாளிக்கு மூச்சு இல்லைன்னு நர்ஸ் சொல்றா. இன்னொரு நர்ஸ் வந்து, கட்டில்ல நோயாளியே இல்லைன்னு சொல்றா. ரெண்டும் ஒண்ணா?"

கோபு யோசித்தான். "முதல் நர்ஸ் சொன்னா டாக்டரைக் கூப்பிடணும். ரெண்டாவது நர்ஸ் சொன்னா நம்மளைக் கூப்பிடணும்."

ஜலஜா லேப்டாப்பை அணைத்தாள். சிறிது நேரம் காத்திருந்தாள். பிறகு அதைத் தூக்கி, முறத்தில் அரிசி கொழிப்பதுபோல் மெல்ல ஒரு பக்கம் சாய்த்தாள்.

டக்.

மறுபக்கம் சாய்த்தாள். டக்.

"சாகற டிஸ்க் சுத்தறப்பதான் சத்தம் போடும்," என்றாள். "இது அணைச்சப்புறமும் போடுது."

"செத்தப்புறமும் சத்தம் போட்டா அது நம்ம டிபார்ட்மெண்ட் இல்லை தீதி. அதுக்கு வேற ஆள் இருக்காங்க."

"கழட்டிப் பார்த்துடலாம்."

கோபு மூலைக்குப் போய்க் கையை நீட்டினான்.

"கோபு."

கை அந்தரத்தில் நின்றது. மூலையில் சரஸ்வதி படம் இருந்தது. அதன் முன்னால் சிவப்புத் துணியில் ஆறு ஸ்குரூ டிரைவர்களும் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். நேற்று ஆயுத பூஜைக்குக் கோபுவே வைத்தது. இன்று புனர்பூஜை ஆகும்வரை எதையும் தொடக்கூடாது. ஜலஜா இதில் மட்டும் கடுமை.

"பதினொண்ணு அஞ்சு," என்றாள் அவள்.

"இவங்களுக்கு ரெண்டு மணிக்கு நார்வே போகணும்."

"பூஜையில வைக்காத ஸ்குரூ டிரைவர் ஒண்ணு இந்தத் தெருவுலேயே இல்லையா?"

கோபு தலைக்கு மேலே பார்த்துப் பெருமூச்சு விட்டான். இரண்டு வாரமாக முனகிவிட்டு நின்றுபோயிருந்த மின்விசிறி இன்று காலை அவன் வரும்போது ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. சரஸ்வதி கடாட்சம் என்று அதற்கும் ஒரு கும்பிடு போட்டிருந்தான். அந்தக் காற்று இப்போது அறையின் எல்லா மூலைகளுக்கும் இலிஷைப் பகிர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தது. அவன் படியிறங்கினான்.

சந்து முனைப் பந்தலில் தாக் மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. சிவப்புக்கரைப் புடவைக்காரிகள் குங்குமத் தட்டோடு வரிசையில் நின்றார்கள். மாலையில் அம்மன் ஏறி ஆற்றுக்குப் போகிற லாரிக்கு பிஷுதா குழல்விளக்கு கட்டிக்கொண்டிருந்தார். இந்த வட்டாரத்தின் எலக்ட்ரீஷியன் அவர்தான்.

"பிஷுதா, சின்ன ஸ்குரூ டிரைவர் ஒண்ணு வேணும்," என்றான் கோபு வங்காளத்தில். "உங்க சாமான் எதுவும் பூஜையில இல்லையே?"

"எங்க சாமானெல்லாம் விஸ்வகர்மா பூஜோ அன்னிக்கே லீவு எடுத்து முடிச்சாச்சு," என்றார் பிஷுதா. "உங்க ஊர் ஸ்குரூ டிரைவர் மட்டும் ஏன் ஒரு மாசம் லேட்டா படுத்துக்குது?"

"தூரத்துலேருந்து வந்ததுங்க. களைப்பா இருக்கும்."

நாடா சுற்றிய கைப்பிடியோடு ஒரு ஸ்குரூ டிரைவர் கிடைத்தது. கோபு இரண்டு இரண்டு படியாக ஏறினான்.

லேப்டாப்பின் அடிப்பக்கத்தில் எட்டு ஸ்குரூ. அவன் கழற்றக் கழற்ற ஜலஜா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மேஜையில் வரிசையாக வைத்தாள்.

"எவனோ முன்னாடியே கழட்டியிருக்கான்," என்றாள். "ஆறு வருஷப் பழசு, ஸ்குரூவுல அழுக்கு இல்லை. ஆனா தெரிஞ்ச கை, ஒரு கீறல்கூட இல்லை. நீளமான ரெண்டும் சரியான ஓட்டையில. எட்டும் இருக்கு."

"எட்டுமா?" கோபுவுக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது. "நான் மாட்டினா எப்பவும் ஒண்ணு மிஞ்சும்."

அடி மூடி கழன்று வந்தது. மூன்று பேரும் குனிந்தார்கள்.

ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டிய சதுரப் பள்ளம் காலியாக இருந்தது. அதை இணைக்கும் தட்டையான கம்பி ஒழுங்காக மடித்து ஒதுக்கப்பட்டிருந்தது. பள்ளத்தின் நடுவில், தூளியில் போட்ட குழந்தை மாதிரி, குங்குமம் தொட்ட ஒரு சின்ன விரலி மஞ்சள் கிடந்தது.

கோபு அதை எடுத்துக் காதருகே ஆட்டினான். "சத்தம் போட்டது நீதானா?"

மாதவி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "திருடிட்டாளா? நாலு வருஷத்தையும் யாரோ திருடிட்டாளா?"

"திருடன்தான். ஆனா வெத்தலை பாக்கும் சேர்த்து வெக்க மறந்துட்டான்," என்றான் கோபு. ஜலஜா எழுந்து ஜன்னலருகே போய்த் தெருவைப் பார்த்தபடி நின்றாள். சந்தேக மௌனம். அது நீண்டது. கீழே மிஷின் கடகடத்தது, பந்தலில் மேளம் தாளம் மாற்றியது, மாதவி இரண்டு முறை மூக்கை உறிஞ்சினாள். கோபுவுக்குப் பேசாமல் இருந்தால் தொண்டை அரிக்கும். மஞ்சளை மேஜையில் உருட்டி உருட்டிப் பொழுதைத் தள்ளினான்.

"புனர்பூஜை முடிஞ்சப்புறம் ஆன் பண்ணேன்னு சொன்னீங்க," என்றாள் ஜலஜா திரும்பாமலே.

"ஆமாம்."

"கோபு, வாத்தியார் அனுப்பினதைப் படி."

கோபு கைபேசியை எடுத்தான். இந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் ஒரே வாட்ஸ்அப் குழு, ஒரே வாத்தியார். "அனைவருக்கும் நமஸ்காரம். இன்று புனர்பூஜைக்கு நல்ல நேரம் பதினொன்று ஐந்து முதல். அதற்கு முன் யாரும் புஸ்தகத்தை எடுக்க வேண்டாம். கீழே நாலு கும்பிடு எமோஜி, ஒரு தாமரை."

மூவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒன்பதே முக்கால்.

மாதவியின் காது நுனி சிவந்தது. உண்மை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

அவள் மாமியார் வத்சலா டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். நேற்றுக் காலை மருமகளோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். சரஸ்வதி பூஜையிலிருந்து புனர்பூஜை வரை ஒரே ஒரு நாள் லேப்டாப்பைத் தொடக்கூடாது. தொடாமல் இருந்தால், நார்வே இரண்டு வருடத்தைப் பற்றி மகன் சிவராமிடம் அவரே பேசிச் சம்மதம் வாங்கித் தருவார். சிவராம் அம்மா சொல்லைத் தட்டமாட்டான். மாதவி சரி என்றாள். மாமியார் லேப்டாப்பை வாங்கிக்கொண்டுபோய், கொலுப்படிக்குக் கீழே வைத்திருப்பதாகச் சொன்னார்.

"இன்னிக்குக் காலையில அஞ்சு மணிக்கு எழுந்துட்டேன்," என்றாள் மாதவி. "கடைசிப் பக்கத்துல ஒரு வரி சரியில்லைன்னு தோணிண்டே இருந்தது. ஒரே ஒரு வரி. படியோட துணியைத் தூக்கி, பையை எடுத்துண்டு பாத்ரூம்ல போய் ஆன் பண்ணினேன்."

"பாத்ரூம்லயா?"

"அங்கதான் தாழ்ப்பாள் சரியா விழும். அம்மாகிட்ட இப்ப என்னன்னு போய்க் கேட்பேன்? வாக்கு தப்பினது தெரிஞ்சா எங்க ஆத்துக்காரர்கிட்டப் பேசவே மாட்டா. டிஸ்க்கும் போச்சு, நார்வேயும் போச்சு."

"மாமியாருக்கு டெலிபோன் இலாகாவுல என்ன வேலை?" என்றாள் ஜலஜா.

"எக்ஸ்சேஞ்ச்ல ஏதோ. போன் எடுத்து ஹலோ சொல்ற வேலைன்னு நினைச்சிண்டிருக்கேன். கேட்டதில்லை."

"இப்ப கேட்டுடலாம். கீழே பூக்கடையில நின்னு நம்ம பலகையை மூணாவது தடவையா ஒரு மாமி படிச்சிட்டிருக்காங்க. பச்சைச் சுங்குடி, கறுப்புக் கைப்பை."

மாதவி ஜன்னலுக்குப் பாய்ந்தாள். எட்டிப் பார்த்தாள். அதே வேகத்தில் பின்னால் பாய்ந்தாள். "அம்மா!"

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜலஜாவின் முகத்தில் மூன்றாவது மௌனம் வந்து உட்கார்ந்தது. கோபு லேப்டாப்பையும் அதன் மூடியையும் பையையும் மாதவியையும் ஒன்றாகச் சேர்த்து, காப்பி போடுகிற தடுப்புக்குள் தள்ளித் திரையை இழுத்தான். எட்டு ஸ்குரூக்களைச் சட்டைப்பையில் அள்ளிப் போட்டான். மஞ்சளை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே மூடிக்கொண்டான்.

வத்சலா மாமி உள்ளே வந்து, ஊதுபத்தி ஏற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கிறவர்போல் அறையைச் சுற்றிப் பார்த்தார். கீழே வறுத்த கொட்டை அரைபடும் மணம் அறை முழுக்க நிறைந்திருந்தது.

"இங்கே தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுத் தருவேளாமே. நான் சாமந்திப்பூ வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். சீக்கிரம் ஆகணும்."

"என்ன தொலைஞ்சது மாமி?" என்றான் கோபு. ஸ்குரூக்கள் சட்டைப்பையில் கிணுகிணுத்தன.

"என் மாட்டுப்பொண்ணோட லேப்டாப். கொலுப்படிக்குக் கீழே வெச்சிருந்தேன். எட்டு மணிக்குப் பார்க்கறேன், பையோட காணோம். அவளுக்குத் தெரியவே கூடாது. பாவம், காலம்பரலேருந்து பேயறைஞ்ச மாதிரி இருந்தா, எங்கேயோ வெளியில போயிட்டா. அவ வரதுக்குள்ள கண்டுபிடிச்சுடணும்."

"பூஜைன்னா சரஸ்வதிக்கு முன்னாடிதானே வைப்பாங்க? படிக்குக் கீழே எதுக்கு?"

"அந்த நாத்தம் பிடிச்ச பெட்டியையா? அதுல எத்தனை இலிஷ் உட்கார்ந்து எழுந்திருக்கோ." மாமி ஜலஜாவின் மௌனத்தைப் பார்த்தார். அது காத்துக்கொண்டே இருந்தது. மாமி நெளிந்தார். "சரி, சொல்லிடறேன். எழுத்து எங்கே இருக்கு? பெட்டியிலயா இருக்கு? உள்ளே டிஸ்க்குலன்னா இருக்கு. சரஸ்வதி கால்ல புஸ்தகத்தை வெப்பாளா, அலமாரியைக் கொண்டுபோய் வெப்பாளா?"

கைப்பையைத் திறந்தார். மஞ்சள் பட்டுத் துணியில் சுற்றிய, உள்ளங்கை அளவு மூட்டை ஒன்று வெளியே வந்தது.

திரை ஒரு முறை அசைந்தது. கோபு இருமினான்.

"நீங்களேவா கழட்டினீங்க?"

"முப்பத்திரெண்டு வருஷம் எக்ஸ்சேஞ்ச்ல ரிலே கழட்டி மாட்டினவ நான். எட்டு ஸ்குரூ ஒரு வேலையா? புனர்பூஜை ஆனதும் திருப்பி மாட்டிடலாம்னு இருந்தேன். பத்து நிமிஷம். அவளுக்குத் தெரிஞ்சே இருக்காது. தூசி தட்டவே விடமாட்டா, கழட்டினேன்னு சொன்னா மயக்கம் போட்டுடுவா. இடத்தை வெறுமனே விடக் கூடாதேன்னு ஒரு மஞ்சள்கூட வெச்சேன்."

கோபு மூடிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். ஒருத்தியிடம் உடம்பு இருக்கிறது, உயிர் இல்லை. இன்னொருத்தி உயிரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு உடம்பைத் தேடுகிறாள். நடுவில் தொங்குவது ஒரு பூப்போட்ட திரை. பதினோரு வருடத்தில் இவ்வளவு சுலபமான கேஸ் வந்ததே இல்லை, இவ்வளவு ஆபத்தானதும் வந்ததில்லை. இருவருக்கும் மானம் போகாமல் இதை எப்படி முடிப்பது என்று ஜலஜாவைப் பார்த்தான். அவள் வெறுமனே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணி.

கீழே மிஷின் நின்றது.

தினமும் பத்து மணிக்கு அது நிற்கும். காப்பி மணம் மெல்லக் கீழிறங்கியது. அது விட்டுப்போன இடத்தை மின்விசிறி வேறொன்றால் நிரப்பியது.

வத்சலா மாமியின் மூக்கு ஒரு முறை துடித்தது. தலை திரையின் பக்கம் திரும்பியது.

"மாதவி," என்றார். "வெளியில வா."

"மாமி, அது கீழே கடையிலேருந்து..." என்றான் கோபு.

"காப்பிப்பொடிக் கடையில இலிஷ் விக்கறாளா?"

திரை விலகியது. மாதவி அடி மூடி இல்லாத லேப்டாப்பைக் குழந்தைபோல் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். கோபு ஜலஜாவைப் பார்த்தான். அவள் உதட்டோரம் மிகச் சிறிதாக அசைந்தது. மிஷின் நிற்பதற்குத்தான் அவள் காத்திருந்தாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"புனர்பூஜைக்கு முன்னாடி எடுத்திருக்கே," என்றார் மாமி.

"நீங்க என் லேப்டாப்பைக் கழட்டியிருக்கேள்," என்றாள் மாதவி.

"வாக்கு குடுத்தே."

"நீங்க கேட்கவே இல்லை." அவள் குரல் உடைந்தது. "மீன் நாத்தம்னா சொல்லியிருக்கலாமே அம்மா. நாலு வருஷமா ஒரு வார்த்தை சொன்னதில்லை."

மாமி பட்டு மூட்டையைத் தடவினார். "எதுக்குச் சொல்லணும்? வாசல்ல அந்த வாசனை வந்தாத்தான் நீ ஆத்துக்கு வந்துட்டேன்னு எனக்குத் தெரியும். அப்புறம்தான் அடுப்புல தோசைக்கல்லைப் போடுவேன். எனக்குப் பழகிடுத்து. சரஸ்வதிக்குப் பழகலையே, அதான்."

மாதவி சிரித்தாள், அழுதாள், எதை முதலில் முடிப்பது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

"இப்ப குடுங்கோ அம்மா. ரெண்டு மணிக்குள்ள ஏத்தணும்."

"பதினொண்ணு அஞ்சுக்கு முன்னாடி இது துணியை விட்டு வராது."

"கைப்பையில பஸ் ஏறி வந்திருக்கே மாமி, அது மட்டும் பூஜையா?" என்றான் கோபு.

"துணியை அவிழ்க்கலையே."

ஜலஜா எழுந்து, சரஸ்வதி படத்தின் முன்னால் ஸ்குரூ டிரைவர்களைச் சற்று நகர்த்தி இடம் விட்டாள். மாமி மூட்டையை அங்கே வைத்தார். பிறகு நான்கு பேரும் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒரு மணி நேர மௌனம். கோபுவின் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஒன்று வந்ததில்லை. ஜலஜா மட்டும் கோவிலுக்கு வந்தவள்போல் நிம்மதியாக இருந்தாள். மாமி ஒரு கட்டத்தில் மாதவியின் கலைந்த பின்னலைக் கையில் எடுத்துத் திரும்பப் பின்னிவிட்டார்.

பதினொன்று ஐந்து. கற்பூரம் ஏற்றினார்கள். மூட்டை அவிழ்ந்தது. சந்தனப் பொட்டோடு டிஸ்க் வெளியே வந்தது. மாமி பிஷுதாவின் ஸ்குரூ டிரைவரை எடுத்து, எடையைக் கையில் பார்த்துவிட்டு, கம்பியை நீட்டி, டிஸ்க்கைப் பொருத்தி, எட்டு ஸ்குரூவையும் முடுக்கினார். கோபு கணக்கு வைத்தான். நான்கு நிமிடம். எதுவும் மிஞ்சவில்லை.

மாதவி பொத்தானை அழுத்தினாள்.

கறுப்பு. பிறகு ஒரு வரி: டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்றது. ஐந்து சதவீதம். பதினொன்று. பதினொன்றிலேயே நின்றது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். மாதவி கண்ணை மூடிக்கொண்டாள். கோபுவுக்கு ஒரு நகைச்சுவையும் தோன்றவில்லை.

"பயப்படாதே," என்றார் மாமி, அவள் தோளில் கை வைத்து. "பூஜையிலேருந்து எழுந்து வந்திருக்கு. முகம் அலம்பிண்டு வரட்டும்."

பன்னிரண்டு. நாற்பது. நூறு. திரை வெளிச்சமானது. நடுவில், வெள்ளியாக மின்னிக்கொண்டு, ஒரு முழு இலிஷின் படம்.

"இதையுமா?" என்றார் மாமி.

அந்த ஒரு வரியைத் திருத்த மாதவிக்கு இரண்டு மணி நேரம் ஆனது. ஒன்று நாற்பதுக்கு அறிக்கை ஏறியது. கிடைத்தது என்று நார்வேயிலிருந்து பதிலும் வந்தது. மாதவி அதை மாமியார் பக்கம் திருப்பிக் காட்டினாள். மாமி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"சிவராம்கிட்ட ரெண்டு வருஷத்தை மட்டும் நான் பேசறேன்," என்றார். "நீ பாத்ரூம்ல பண்ணினதும், நான் கழட்டினதும் இந்த ரூமைத் தாண்டப்படாது." பிறகு கோபுவிடம் கையை நீட்டினார். "அந்த மஞ்சளைக் குடு. அப்போலேருந்து கையிலேயே வெச்சிண்டிருக்கே. போற ஊர்ல இது கிடைக்குமோ கிடைக்காதோ." அதை மாதவியின் பையில், லேப்டாப்புக்குப் பக்கத்தில் போட்டு மூடினார்.

அவர்கள் படியிறங்கும் சத்தம் தேய்ந்த பிறகு, கோபு ஸ்குரூ டிரைவர்களைப் பூஜையிலிருந்து எடுத்து துணியால் பொட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தான். நேற்று வைத்த சந்தனம் காய்ந்து வெடித்து, பொடியாக உதிர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

ஆறாவதில் சந்தனம் விரலில் ஒட்டிக்கொண்டது. அடியில் இன்னும் லேசான ஈரம். இன்று காலை வைத்த பொட்டு.

கோபு அதைப் பார்த்தான். நேற்றுவரை நின்றுபோயிருந்து, இன்று தலைக்கு மேலே தடையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தான். அதன் மூடியில் பளிச்சென்று துடைத்த ஒரு ஸ்குரூ. ஸ்குரூ டிரைவரைப் பட்டுத்துணி இல்லாத குறையாக இரண்டு கையிலும் ஏந்தி, ஜலஜாவின் மேஜையில் கொண்டுபோய் வைத்தான்.

"தீதி," என்றான். "பதினொண்ணு அஞ்சுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

ஜலஜா ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். பந்தலிலிருந்து அம்மனை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேளம் உச்சத்துக்குப் போனது. அவள் காது நுனி சிவந்திருந்தது.

கோபு நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தான். பதினோரு வருடத்தில் அவன் கேள்விப்படாத நான்காவது மௌனம் அது. அவசரமே இல்லாமல் அதை அனுபவிக்க ஆரம்பித்தான்.